புதுப் பம்ப் போட்டும் சத்தம் நிற்கவில்லையா? பவர் ஸ்டீயரிங்குக்கு 26 பயனுள்ள குறிப்புகள்

பவர் ஸ்டீயரிங் பம்ப் போய்விட்டது என்றார்கள். புதுசு மாட்டி, பில்லும் கட்டியாகிவிட்டது. வீட்டு வாசலில் வண்டியை ஒடித்தால், பழைய சத்தமே தேவலை என்னும்படி 'ஊ...ய்ங்' என்று ஒரு முனகல். எனக்கு இது நடந்தது. செங்கல்பட்டில் பம்ப் மாற்றிய மறுநாள் குடும்பத்தோடு மாமல்லபுரம் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 30 கி.மீ. வளைவுக்கு வளைவு சத்தம். பம்ப் மாட்டிய பட்டறைக்குப் போன் செய்தால், "பம்பே சரியில்ல போல சார், வேற ஒண்ணு போட்டுடலாம்" என்றார்கள்.

திருக்கழுக்குன்றத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் ரப்பர் குழாயின் முனையை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தார், திரும்ப வந்தது. "பம்பு நல்லாத்தான் இருக்கு சார். இந்தக் குழாய் காத்தைக் குடிக்குது" என்றார். பழைய கிளிப்பைக் கழற்றிவிட்டு நாற்பது ரூபாய்க்குப் புதுக் கிளிப் மாட்டி, காற்றெடுத்துக் கொடுத்தார்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் வண்டிகளுக்குக் குறைவில்லை. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 1999-இல் வந்த ஐகானும், 2010-இல் வந்த முதல் ஃபிகோவும் அந்த வகைதான். அந்த ஆலையில் கார் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வரும் இன்னோவா, டவேரா, கிராமத்துச் சாலைகளில் ஓடும் பொலிரோ எல்லாம் இதே வகைதான். வண்டிக்கு வயதாக ஆக, பம்ப் மாற்றும் வேலையும் வரும்.

நான் கற்றுக்கொண்டது இது: புதுப் பம்ப் சத்தம் போட்டால், பெரும்பாலும் குற்றம் பம்பில் இல்லை. மாற்றும்போது உள்ளே புகுந்த காற்றில் இருக்கும். அல்லது மாற்றாமல் விட்ட பழைய பொருளில் இருக்கும். அதனால் காசில்லாத சோதனையில் தொடங்கி, கடைசியாகப் பம்புக்கு வாருங்கள். கீழே உள்ள குறிப்புகள் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

கை வைப்பதற்கு முன்

1. உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். பானட்டைத் திறந்தால் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுடன் சின்ன ஆயில் டப்பா இருந்தால், அது ஆயில் பவர் ஸ்டீயரிங். இப்போது வரும் சின்னக் கார்களில் பெரும்பாலும் மின்சார மோட்டார்தான். அவற்றில் பம்பும் இல்லை, ஆயிலும் இல்லை. இந்தக் குறிப்புகள் ஆயில் வகைக்கு மட்டும்.

2. சத்தத்துக்குப் பெயர் வையுங்கள். 'சத்தம் வருது' என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது. 'ஊய்ங்' என்று இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் ஆயிலில் காற்று, அல்லது ஆயில் வரத்து குறைவு. ஒடிக்கும்போது 'க்ரீச்' என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. 'கரகர' என்று அரைத்தால் பேரிங். 'டக் டக்' என்று தட்டினால் குழாய் எதிலோ இடிக்கிறது, அல்லது பிராக்கெட் போல்ட் தளர்ந்திருக்கிறது. இப்படிச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

3. எது இயல்பான சத்தம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து நிறுத்தினால் எல்லா ஆயில் பவர் ஸ்டீயரிங்கும் 'ஸ்ஸ்' என்று சீறும். அழுத்தம் எல்லை மீறாமல் ஒரு வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி அனுப்பும் ஓசை அது. 1926-இல் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் காரில் பொருத்திக் காட்டிய முறைதான் இன்றைக்கும் அடிப்படை: நேராக ஓட்டும்போது ஆயில் தடையில்லாமல் சுற்றி வரும், ஒடிக்கும்போது மட்டும் வழி குறுகி அழுத்தம் ஏறும். அதனால் ஒடிக்கும்போது ஓசை சற்று கூடுவது குறையல்ல. ஒடிக்கும்போது உரக்க முனகினாலோ, நேராகப் போகும்போதும் முனகினாலோதான் குறை.

4. எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, அரைமணி ஓடி ஆயில் சூடானபிறகா? ஒரு பக்கம் ஒடித்தால் மட்டுமா, இரண்டு பக்கமுமா? ஏசி போட்டால் கூடுகிறதா? போனில் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது சத்தம் அடங்கிவிட்டாலும் உங்களிடம் சாட்சி இருக்கும்.

5. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருமுறை ஒடித்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது பம்ப் சுற்றாது. அப்போதும் கீச்சென்றோ டக்கென்றோ கேட்டால், அது பம்ப் அல்ல; சஸ்பென்ஷன் மவுண்ட், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ராடு பக்கம் பார்க்க வேண்டும். காசே செலவாகாத இந்தச் சோதனையைத்தான் பலரும் செய்வதில்லை.

ஆயிலும் காற்றும்

6. டப்பா மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விடுங்கள். தெளிவாக (பல வண்டிகளில் சிவப்பாக) இருந்தால் நல்லது. சோப்பு நுரைபோல் மேலே மிதந்தால் காற்று. பால் கலந்த ரோஸ் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கலாம், அல்லது பொடிக் குமிழிகள் நிறைந்திருக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து ஒரு மணி நேரம் வைத்தால் காற்று என்றால் தெளிந்துவிடும், தண்ணீர் என்றால் தெளியாது. கறுத்து, எரிந்த வாடை வந்தால் பழைய ஆயிலை முழுக்க எடுக்கவில்லை என்று பொருள். வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னினால் பழைய பம்பின் உலோகத் துகள் இன்னும் உள்ளே சுற்றுகிறது.

7. ஐந்து மில்லிமீட்டர் சோதனை. இன்ஜின் ஓடும்போது டப்பாவில் ஆயில் நிற்கும் இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறியுங்கள். இன்ஜினை நிறுத்தியதும் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சுமார் 5 மி.மீ.க்கு மேல் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. ஆயில் அழுந்தாது, காற்று அழுந்தும். அழுத்தம் போனதும் அது விரிந்து ஆயிலை மேலே தள்ளுகிறது. டொயோட்டா சர்வீஸ் கையேடுகள் சொல்லும் அளவு இது. மற்ற வண்டிகளுக்கும் நல்ல அடையாளம்.

8. அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். டப்பாவில் சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு இருக்கும். ஆறியிருக்கும்போது மேல் கோடு வரை ஊற்றிவிட்டால், சூடேறி விரிந்து நுரைத்து மூடி வழியாக வழியும். அது பெல்ட்டில் பட்டால் இன்னொரு சத்தம் தொடங்கும். குறைந்தால், வளைவில் ஆயில் ஒருபக்கம் சாயும்போது பம்ப் காற்றை உறிஞ்சும்.

9. முறையாகக் காற்றெடுங்கள். புதுப் பம்புக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லை. அவசரத்தில் பாதியில் விடப்படுவதும் இதுதான்.
முதலில் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.
இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். 15 முதல் 20 தடவை. இன்னொருவர் டப்பா பக்கம் நின்று குமிழி வருவதைப் பார்த்து ஆயில் சேர்க்க வேண்டும். டப்பா ஒருமுறைகூடக் காலியாகக் கூடாது.
குமிழி நின்றபிறகு இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, அதேபோல் ஐந்தாறு தடவை. ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். பிறகு நிறுத்தி, மட்டம் பார்த்து, வண்டியை இறக்குங்கள்.

10. முதலில் இன்ஜினை ஏன் ஓடவிடக் கூடாது? பம்ப் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுற்றுகிறது. காற்றும் ஆயிலும் சேர்ந்தால் மோர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கிவிடும். அந்த நுரை எளிதில் அடங்காது. அதோடு, பம்பின் உள்ளே தேயாமல் காப்பது ஆயில்தான். வெறும் நுரையில் சுற்றினால் புதுப் பம்ப் முதல் நாளே தேயத் தொடங்கும்.

11. ஓர் இரவு பொறுங்கள். நன்றாகக் காற்றெடுத்தும் மெல்லிய முனகல் மிச்சம் இருந்தால், மூடியைத் தளர்வாக வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பொடிக் குமிழிகள் தாமாக மேலே வந்துவிடும். காலையில் மட்டம் பார்த்து, 9-ஆம் குறிப்பை மறுபடி செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தும் நுரை திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே தங்கிய காற்று அல்ல அது. எங்கிருந்தோ புதிதாக நுழைகிறது.

12. காற்று நுழையும் வழியைத் தேடுங்கள். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் குழாய் உறிஞ்சும் குழாய். அதில் ஓட்டை இருந்தால் வெளியே ஆயில் சொட்டாமலே காற்று உள்ளே போகும். 'ஒழுகல் எதுவும் இல்லையே' என்று பட்டறையில் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் குறை அங்கேதான் இருக்கும்.
இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது குழாயின் இரு முனைகளையும் ஒவ்வொன்றாக விரலால் இறுக்கிப் பாருங்கள். பெல்ட்டுக்கு அருகில் இருக்கும் முனையை மட்டும் தொடாதீர்கள். அல்லது இணைப்பின் மேல் சில சொட்டு அதே ஆயிலை விடுங்கள். சத்தம் ஒரு கணம் மாறினால் திருடன் அகப்பட்டான். பழைய ஸ்பிரிங் கிளிப், சூட்டில் கல்லாகிப்போன ரப்பர், பம்ப் வாயில் மாற்றாமல் விட்ட ஓரிங், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். புதுப் பம்போடு இந்த மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

13. குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். பம்ப் புதிதாக மாட்டும்போது குழாய் சற்றே முறுக்கிக்கொள்ளும். வெளியே சரியாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் உரிந்து, உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும் குழாய்களும் உண்டு. ஆயில் வராமல் தவிக்கும் பம்ப், காற்று புகுந்த பம்பைப் போலவேதான் முனகும்.

14. சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒரே ஆயில் அல்ல. இன்னோவா போன்ற டொயோட்டா வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). ஹோண்டா தன் வண்டிகளுக்குத் தன் ஆயிலையே கேட்கிறது. ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றுக்குப் பச்சை நிற ஆயில். அதில் சிவப்பைக் கலக்கக் கூடாது. டப்பா மூடியிலோ வண்டிக் கையேட்டிலோ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேளுங்கள். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

15. பழைய அழுக்கோடு புதுப் பம்பைச் சேர்க்காதீர்கள். செத்துப்போன பம்ப் தன் உலோகத் தூளைக் குழாய், ஸ்டீயரிங் ரேக், டப்பா எல்லாவற்றிலும் விட்டுவிட்டுத்தான் போகும். திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் அந்த வாயை அடைத்து, புது ஆயில் ஊற்ற ஊற்ற ஸ்டீயரிங்கைத் திருப்பி, தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். சாதாரண காருக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும். டப்பாவின் அடியில் வலை இருந்தால் அதையும் பாருங்கள். அந்த வலை அடைத்திருந்தால் பத்து பம்ப் மாற்றினாலும் சத்தம் போகாது. கழுவ முடியாத டப்பா என்றால் டப்பாவையே மாற்றிவிடுவது நல்லது.

பெல்ட்டும் புல்லியும்

16. தண்ணீர்ச் சோதனை. 'க்ரீச்' என்ற சத்தமானால், ஓடும் பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் உடனே நின்று பிறகு மெல்ல வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இதைச் செய்யும்போது துப்பட்டா, லுங்கி முனை, விரித்த கூந்தல், கைக்கடிகாரம் எதுவும் பெல்ட் பக்கம் வரக் கூடாது. சில டீசல் வண்டிகளிலும் லாரிகளிலும் பம்ப் பெல்ட்டில் ஓடாது, பல்சக்கரத்தில் ஓடும். அவற்றுக்கு இந்தப் பகுதி பொருந்தாது.

17. பெல்ட்டையும் மாற்றினார்களா? ஆயில் ஒழுகிய பம்பின் கீழே ஓடிய பெல்ட் ஆயிலைக் குடித்திருக்கும். துடைத்தாலும் போகாது. இறுக்கத்தையும் பாருங்கள்: இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது பெல்ட் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போதும். தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில் டென்ஷனர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மேல் இறுக்கினாலும் புதுப் பம்பின் பேரிங் அரைபடும்.

18. புல்லியைச் சுத்தியலால் அடித்து ஏற்றினார்களா என்று கேளுங்கள். பல பம்புகளில் புல்லி இறுக்கமாக ஏற்றப்பட்டது. அதைக் கழற்றவும் ஏற்றவும் தனி புல்லர் உண்டு. சுத்தியலால் அடித்தால் அந்த அடி நேராகத் தண்டின் வழியே உள்ளே இறங்கி, பேரிங்கிலும் உள்தகட்டிலும் விழும். வீட்டுக்கு வரும்போதே 'கரகர' என்று கேட்கும் புதுப் பம்புகளில் இந்தக் கதை உண்டு. புல்லி முழுவதும் உள்ளே போகாமல் இரண்டு மி.மீ. வெளியே நின்றாலும் பெல்ட் கத்தும். ஒரு நேரான ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

19. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஆறிய இன்ஜினில் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றும் வண்டியானால் சில விநாடியோடு நிறுத்திவிடுங்கள். சத்தம் போகவில்லை என்றால் அது இன்ஜின் பக்கம். போய்விட்டால், புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், டென்ஷனர் பேரிங் என்று பக்கத்து வீட்டுச் சத்தத்துக்குப் பம்ப் பழி சுமப்பது அடிக்கடி நடக்கிறது.

20. ஒரு மரக்கம்பு போதும். நீளமான மரக்கம்பின் ஒரு முனையைப் பம்பின் உடம்பில், சுற்றாத பாகத்தில் வைத்து, மறுமுனையைக் காதருகே கட்டைவிரலில் தாங்குங்கள். பிறகு ஆல்டர்னேட்டர், பிறகு ஏசி கம்ப்ரசர். எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே குறை. பழைய மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்பது இதற்காகத்தான். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். அதன் பக்கம் முகத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

குழாய், பிராக்கெட், பம்ப்

21. அழுத்தக் குழாய் பாடியில் உரசுகிறதா? பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் கெட்டிக் குழாயை ரப்பர் வைத்த கிளாம்ப்கள் தாங்கி நிற்கும். பம்ப் மாற்றும்போது கழற்றிய கிளாம்பைத் திரும்ப மாட்டாமல் விட்டால், குழாய் பாடித் தகட்டில் படும். வீணையின் தந்தி ஓசையைக் குடம் பெருக்குவதுபோல் பாடி அந்தச் சின்ன ஓசையைப் பெருக்கி உள்ளே அனுப்பும். பம்பின் பிராக்கெட் போல்ட்களையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

22. ஒழுகலை விரலால் தேடாதீர்கள். அழுத்தக் குழாயில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஏறும் அழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலையே துளைக்கும். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பாருங்கள். ஈரம் பட்டால் அங்கே ஓட்டை. இணைப்பில் செம்பு வாஷர் இருந்தால் புதிதாகப் போட வேண்டும்.

23. எல்லாம் சரியென்றால் மட்டும் பம்பைச் சந்தேகியுங்கள். பம்பின் உள்ளே முட்டை வடிவ வளையத்துக்குள் சின்னச் சின்னத் தகடுகள் உரசிச் சுற்றுகின்றன. தகட்டின் ஒரு விளிம்பு வழவழப்பாக உருண்டிருக்கும்; அந்தப் பக்கம்தான் வளையத்தைத் தொட வேண்டும். 'ரீகண்டிஷன்' செய்த பம்பில் தகட்டைத் தலைகீழாகப் போட்டிருந்தாலோ, வளையம் தேய்ந்திருக்க வெறும் சீல் கிட்டை மட்டும் மாற்றியிருந்தாலோ சத்தம் போகவே போகாது. பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் வேறு மாடலின் பம்ப் வேறு அளவு ஆயிலைத் தள்ளும். பழைய பம்பின் எண்ணையும் புதியதின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

நம் கரைக்கும் நம் மழைக்கும்

24. உப்புக் காற்றை மறக்காதீர்கள். கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை ஈசிஆர் ஓரம் நிற்கும் வண்டிகளில் முதலில் துருப்பிடிப்பது ஹோஸ் கிளிப்பும், அழுத்தக் குழாயின் உலோகப் பட்டையும், பிராக்கெட் போல்ட்டும்தான். கடற்கரைக்காரர்கள் துருப்பிடிக்காத எஃகு கிளிப்பாகக் கேட்டு வாங்குங்கள். மணலில் ஓட்டிவிட்டு வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆனால் பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் வேகத் தண்ணீரை அடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற வண்டியில், மூடியின் காற்றுத் துளை வழியாக டப்பாவுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் முன் 6-ஆம் குறிப்பைச் செய்யுங்கள். மழை பெய்த காலையில் ஒரு நிமிடம் மட்டும் கீச்சிட்டு அடங்கும் பெல்ட் பெரிய விஷயமல்ல. தினமும் கீச்சிட்டால் பாருங்கள்.

25. நின்ற இடத்தில் ஒடிக்கும் பழக்கத்தை விடுங்கள். விடுமுறை நாளில் கடற்கரைக் கோயில் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடும்போது எல்லோரும் செய்வது இது: சக்கரம் உருளாமல் ஸ்டீயரிங்கைக் கோடிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டே இருப்பது. அப்போது பம்ப் முழு அழுத்தத்தில் தவிக்கிறது, ஆயில் சூடேறுகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கேட்கவே வேண்டாம். கோடியைத் தொட்டதும் சற்றே திருப்பி விடுங்கள். மூன்று நான்கு விநாடிக்கு மேல் அங்கே பிடிக்காதீர்கள். வண்டியை அங்குலம் அங்குலமாக உருட்டியபடி ஒடித்தால் பம்புக்குப் பாதி வேலை. ஆயில் ஒழுகிச் சூடான சைலன்சர் குழாயில் சொட்டினாலோ, ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகக் கனத்தாலோ அதற்குமேல் ஓட்டாதீர்கள். அந்த ஆயில் தீப்பிடிக்கும். ஜிஎஸ்டி சாலையின் வேகத்தில் கனத்த ஸ்டீயரிங் உயிருக்கே ஆபத்து.

26. பில், பழைய பம்ப், கழிவு ஆயில் மூன்றையும் கவனியுங்கள். பில்லில் பம்பின் எண்ணும் தேதியும், ஆயிலின் பெயரும் எழுதி வாங்குங்கள். சத்தம் நிற்கும்வரை பழைய பம்பைக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம். பட்டறையில் நான்கு கேள்வி கேளுங்கள்: ஸ்டார்ட் செய்யாமல் காற்றெடுத்தீர்களா? உறிஞ்சும் குழாயின் கிளிப்பும் ஓரிங்கும் புதுசா? ஆயிலை முழுக்கக் கழுவினீர்களா? புல்லியை எதால் ஏற்றினீர்கள்? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். வடித்த ஆயிலைக் கால்வாயிலும் மண்ணிலும் ஊற்றாதீர்கள். மழை வந்தால் அது கொளவாய் ஏரிக்கும் பாலாற்றுக்கும்தான் போய்ச் சேரும். பாட்டிலில் அடைத்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லிப் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள்.

பம்ப் மாற்றுவது சின்னச் செலவல்ல. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் ஓட்டுநருக்கு அது சில நாள் சம்பாத்தியம். அந்தக் காசை இரண்டாம் முறையும் கொட்டும் முன், மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள், குழாயை விரலால் இறுக்கிப் பாருங்கள், ஓர் இரவு பொறுத்துப் பாருங்கள். என் வண்டியில் 'சரியில்லை' என்று சொல்லப்பட்ட அதே பம்ப்தான் இன்றைக்கும் ஓடுகிறது. திருக்கழுக்குன்றத்தில் மாட்டிய அந்த நாற்பது ரூபாய் கிளிப்பும் அப்படியே இருக்கிறது.